டைனோசரின் வயிற்றுக்குள் இருக்கும் பற்றரி

வைகாசியில் முல்லைத்தீவின் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் முடிந்த கையோடு, எங்கள் சிறுவர் சிகிச்சைப் பிரிவுக்கு வரும் பிள்ளைகள் பலரின் கைகளில் டைனோசர்களும் பூதப் பொம்மைகளும் இருக்கும். வயிற்றை அழுத்தினால் அவை கர்ச்சிக்கும், கண்கள் சிவப்பாக மின்னும். சில கைதட்டினால் நடக்கும், சில முட்டையை உடைத்துக்கொண்டு வெளியே வரும். தான் செய்வதற்குப் பதில் தரும் பொம்மையில் பிள்ளை மயங்குவது இயல்பு, அதை வாங்கிக் கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பெற்றோர் பல்லையும் நகத்தையும் தடவிப் பார்த்து, கூர் இல்லை என்று திருப்திப்பட்டுக் காசைக் கொடுத்து விடுகிறார்கள். அடிவயிற்றில் இருக்கும் சிறிய மூடியை எவரும் பார்ப்பதில்லை.

அந்த மூடிக்குள், சட்டைப் பொத்தான் அளவான பற்றரிகள் இரண்டு மூன்று அடுக்கப்பட்டிருக்கும். ரிமோட்டில் இயங்கும் பொம்மையானால், பல வேளைகளில் அந்த ரிமோட்டுக்குள் ஒரு ரூபாய்க் குற்றியளவான தட்டைப் பற்றரி ஒன்று இருக்கும். 20 மில்லிமீற்றர் விட்டமும் 3 வோல்ட் மின்னழுத்தமும் கொண்ட இந்த லிதியம் பற்றரியே என்னை அதிகம் கவலைப்படுத்துவது. சிறு பிள்ளையின் உணவுக்குழாயில் சிக்கிக்கொள்ளும் அளவு அது. சிக்கிய இடத்தின் ஈரத்தினூடாக மின்னோட்டம் பாய, பற்றரியின் எதிர்மின்முனைப் பக்கத்தில் கடுங்காரம் உருவாகி, இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே தசையைக் கடுமையாக வேகவைத்து விடுகிறது. பற்றரி உடையவோ ஒழுகவோ தேவையில்லை. பொம்மையை இயக்க வலுவில்லாமல் போனதென்று கழற்றி யன்னலோரம் வைத்த பழைய பற்றரிக்கும் சுடுவதற்குப் போதிய மின்சாரம் மிஞ்சியிருக்கும்.

விழுங்கியதைக் கண்டவர் இல்லையென்றால் கண்டுபிடிப்பது எளிதல்ல. இரண்டு வயது மதிக்கத்தக்க ஒரு பிள்ளையைத் தடிமன் என்று கொண்டுவந்தார்கள். வாயிலிருந்து எச்சில் வடிந்தபடி இருந்தது. இடியப்பத்தைப் பிசைந்து ஊட்டினாலும் துப்பி விடுகிறாள் என்று தாய் சொன்னார். எக்ஸ்ரேயில் நெஞ்சுக்கு மேலே ஒரு வெள்ளை வட்டம், அதன் விளிம்புக்கு உள்ளே இன்னொரு வளையம். குற்றிக் காசுக்கு அந்த இரட்டை விளிம்பு இருப்பதில்லை. வீட்டில் பொம்மையின் மூடி டேப்பால் ஒட்டப்பட்டிருந்தது, திருகாணி தொலைந்து கனநாள்.

விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே போதும், உடனே புறப்படுங்கள். மீன் முள்ளுக்குச் செய்வதுபோலச் சோற்று உருண்டையோ வாழைப்பழமோ விழுங்கக் கொடுக்க வேண்டாம், வாந்தி எடுக்க வைக்கவும் வேண்டாம். ஒரு வயதைக் கடந்த, விழுங்கக்கூடிய பிள்ளையானால், விழுங்கி 12 மணி நேரத்துக்குள் என்றால், வழியிலேயே பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டு தேக்கரண்டி தேன் கொடுக்கலாம். ஆறு தடவைக்கு மேல் வேண்டாம். தேன் புண்ணைக் குறைக்குமே தவிர பற்றரியை வெளியே எடுக்காது, ஆகவே தேன் தேடி நேரத்தைப் போக்கக் கூடாது. துணுக்காயிலிருந்தும் ஒட்டுசுட்டானுக்கு அப்பாலுள்ள கிராமங்களிலிருந்தும் மாவட்ட வைத்தியசாலைக்கு வந்து சேரவே நேரம் பிடிக்கும். அங்கிருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு மாற்ற நேரிட்டால் இரண்டு மணி நேரம் வீதியிலேயே கரைந்து விடும். பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள். மூக்கிலோ காதிலோ பற்றரி போயிருந்தாலும் அவசரம் இதேதான். அதற்குள் எந்தச் சொட்டு மருந்தும் விட வேண்டாம்.

வாங்கும்போது மூடியில் திருகாணி இருக்கிறதா, நகத்தால் நெம்பினால் திறக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். நகத்துக்குத் திறந்தால் பிள்ளையின் பல்லுக்கும் திறக்கும். தண்ணீரில் போட்டால் பருக்கும் டைனோசர்களும் மணிகளும் குடலுக்குள்ளும் பருத்து அடைத்து விடும், எக்ஸ்ரேயிலும் பெரும்பாலும் தெரியாது; சின்னப் பிள்ளை உள்ள வீட்டுக்கு அவை வேண்டவே வேண்டாம். கர்ச்சனையைக் கேட்டு மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளை மெய்யாகவே நடுங்கினால், பழகிவிடும் என்று மீண்டும் மீண்டும் அழுத்திக் காட்டாமல் பொம்மையை எடுத்து வைத்து விடுங்கள்.

வைத்தியசாலைக்கு வரும்போது அந்தப் பொம்மையையும், வீட்டில் மிஞ்சியிருக்கும் அதே மாதிரிப் பற்றரி அல்லது அதன் மட்டையையும் கையோடு கொண்டுவாருங்கள். சிஆர் 2032 என்று பொறித்திருந்தால் 20 மில்லிமீற்றர் விட்டம், 3.2 மில்லிமீற்றர் தடிப்பு என்று பொருள்; உள்ளே இருப்பது எது என்பதை அதைக்கொண்டே நாங்கள் அறிந்துகொள்வோம்.