குளிர்காலத்துக்குத்தான் நல்ல டயர்

தென்னாப்பிரிக்காவில் ஜூன் என்றால் குளிர்காலம். ஜூன் பிறந்துவிட்டால் டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் என் சைக்கிள் பட்டறையில் வேறு வேலைக்கு நேரம் இருக்காது. வருகிற சாலை சைக்கிள்களில் பாதிக்கு மேல் பஞ்சர்தான். போன வாரம் ஒரு தம்பி பின்சக்கரத்தை மட்டும் கழற்றித் தூக்கிக்கொண்டு வந்தார்.

"அங்கிள், ஒரே வாரத்தில் இது மூணாவது ட்யூப். ட்யூபே சரியில்ல போல."

மூன்று ட்யூபுக்கும் காற்றடித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். மூன்றிலும் வால்விலிருந்து ஒரே தூரத்தில், ஒரே இடத்தில் துளை. டயரைப் புரட்டிப் பார்த்தால், மயிரிழை போன்ற ஒரு கம்பி உள்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது.

"இந்த டயர் எத்தனை நாளாச்சு தம்பி?"

"ரெண்டு வருஷம் இருக்கும். புதுசு வாங்கி வச்சிருக்கேன் அங்கிள். அமாஷோவாவுக்குப் போடலாம்னு."

இதைத்தான் வருடா வருடம் கேட்கிறேன். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பன் வரை 106 கிலோமீட்டர் ஓடும் அமாஷோவா சைக்கிள் பந்தயம் அக்டோபரில் வருகிறது. அந்த ஒரு நாளுக்குப் புது டயர், அதற்கு முந்தைய நான்கு மாதப் பயிற்சிக்குத் தேய்ந்த டயர். இந்தக் கணக்கைத் தலைகீழாக மாற்றச் சொல்கிறேன். ஆண்டில் ஒரு ஜோடி நல்ல டயர்தான் வாங்க முடியும் என்றால் அதை மே மாதத்தில் வாங்குங்கள், குளிர்காலத்துக்காக வாங்குங்கள்.

காரணம் இருக்கிறது. ஜூன் மாதத்தில் டர்பனில் சூரியன் உதிக்க ஏறக்குறைய 6.50 ஆகிவிடும். ஐந்து மணிக்குக் கிளம்புகிறவர் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் இருட்டில் ஓட்டுகிறார். முன்விளக்கு குழியைக் காட்டும், கண்ணாடித் துண்டைக் காட்டாது. அக்டோபரிலோ ஐந்து மணிக்கே வெளிச்சம் வந்துவிடும். இன்னொன்று, கரும்பு வெட்டு. ஏப்ரலில் தொடங்கி டிசம்பர் வரை போகும் இந்தப் பருவத்தில் வெருலம், டோங்காட் பக்கம் ஆர்102 சாலையில் கரும்பு லாரிகள் ஓயாது. லாரி டயர் வெடித்துச் சிதறினால் அதற்குள் இருக்கும் எஃகுப் பின்னல் இழை இழையாகப் பிரிந்து சாலையோரத்தில் கிடக்கும். தம்பியின் டயரில் இருந்தது அந்த இழைதான். கடற்கரையை விட்டுத் தள்ளி உட்பகுதியில் ஓட்டுகிறவர்களுக்கு நெருஞ்சி முள் தொல்லை. நம் பாட்டன்மார் ஊரில் வெறுங்காலில் மிதித்த அதே நெருஞ்சிதான் இங்கேயும் இருக்கிறது. இங்கே டெவில் தார்ன் என்பார்கள். கோடையில் படர்ந்து, குளிர்காலத்தில் காய்ந்து, முள்ளை மண்ணில் உதிர்த்துவிடும். எப்படி விழுந்தாலும் ஒரு முனை மேலே பார்த்துக்கொண்டிருக்கும். கேப் டவுனில் இருப்பவர்களுக்குக் குளிர்காலம்தான் மழைக்காலம். ஈரத்தில் கண்ணாடி ரப்பரைச் சுலபமாக அறுத்துவிடும், ஏனென்றால் தண்ணீர் கத்திக்கு எண்ணெய் போட்டதுபோல் வேலை செய்கிறது.

அதனால் 'பஞ்சர் ஆகாத டயர் எது?' என்று கேட்டு வருபவரிடம், உங்களை எது குத்தியது என்றுதான் முதலில் கேட்பேன். டயரில் பிடுங்கியெடுத்ததைத் தூக்கி எறியாமல் ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள்.

டப்பாவில் கண்ணாடியும் கூர்ங்கல்லும்தான் அதிகம் என்றால், ரப்பருக்கு அடியில் நெருக்கமாக நெய்த பட்டை உள்ள டயர் போதும். காண்டினென்டல் கிராண்ட் பிரி ஃபோர் சீசனில் வெக்ட்ரான் என்ற வலுவான செயற்கை இழையால் இரண்டு அடுக்கு இருக்கிறது, பக்கவாட்டிலும் தனி நெசவு ஓடுகிறது. இந்தப் பக்கவாட்டைப் பலர் கவனிப்பதில்லை. எத்தனையோ டயர்களில் பட்டை நடுவில் மட்டும்தான் இருக்கும். பெட்டியில் எழுதியிருக்கும் பாதுகாப்பு ஓரத்தில் கிழிகிறவருக்கு உதவாது.

கம்பியும் முள்ளும் அப்படியல்ல. நெசவு எவ்வளவு நெருக்கமாக இருந்தாலும் ஊசிமுனை இழைகளுக்கு நடுவே நுழைந்துவிடும். அதைத் தடுப்பது தடிமன். ஷ்வால்பே மாரத்தான் பிளஸில் 5 மில்லிமீட்டர் மீள்தன்மையுள்ள அடுக்கு இருப்பது அதற்காகத்தான். ஆனால் பந்தய டயரைவிட இரண்டு மடங்குக்கு மேல் எடை, ஓட்டமும் மந்தம். வேலைக்குப் போய்வருகிறவருக்கு மனமுவந்து சொல்வேன். பயிற்சிக்கு ஓட்டுகிறவருக்கு அதைவிட ட்யூப்லெஸ், அதாவது உள்ளே ட்யூப் இல்லாத டயர், நல்லது என்பது என் முடிவு. உள்ளே ஊற்றும் லேடெக்ஸ் திரவம் ஊசித்துளையைத் தானே அடைத்துவிடும். அதற்கேற்ற ரிம்மும் டயரும் வேண்டும், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை திரவத்தைப் பார்த்து நிரப்ப வேண்டும். காய்ந்துபோன திரவத்தோடு பலர் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

டப்பா காலியாக இருந்து ட்யூபில் பாம்பு கடித்ததுபோல் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு துளை இருந்தால் டயரைக் குற்றம் சொல்லாதீர்கள். காற்று குறைவாக இருந்து, குழியில் விழுந்தபோது ரிம் நசுக்கியிருக்கிறது. குளிரும் இதில் சேரும். மதியம் 25 டிகிரியில் 6 பார் அழுத்தத்துக்குக் காற்று அடித்து வைத்தால், விடிகாலை 10 டிகிரியில் ஏறக்குறைய 0.35 பார் குறைந்திருக்கும். முந்தைய நாள் அடித்த காற்றை நம்ப வேண்டாம், கிளம்பும்போது அளவு பாருங்கள். முடிந்தால் 25ஐ விட்டு 28 மில்லிமீட்டர் அகலத்துக்கு மாறுங்கள். கொஞ்சம் குறைந்த அழுத்தத்திலும் நசுங்காது, கூரான கல் மேல் ஏறினால் வளைந்துகொடுக்கும். வாங்குமுன் பிரேக்குக்கும் ஃபிரேமுக்கும் அடியில் இடைவெளி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பின் டயர்தான் முதலில் தேயும். அதற்காகப் புதியதை நேராகப் பின்னால் போட்டுவிடாதீர்கள். முன்னால் இருப்பது இன்னும் நன்றாக இருந்தால் அதைப் பின்னுக்கு மாற்றி, புதியதை முன்னால் போடுங்கள். பின்னால் காற்று போனால் ஆடிக்கொண்டாவது நிற்கலாம், இறக்கத்தில் முன்னால் போனால் விழுந்துவிடுவீர்கள்.

அந்தத் தம்பியின் ரிம் ட்யூப்லெஸுக்கு ஏற்றதல்ல; அதனால், கம்பியை முழுதாகத் தடுக்காது என்று சொல்லியே 28 அகலத்தில் ஃபோர் சீசன் ஒரு ஜோடி கொடுத்தேன். ஆனால் போட்டுத் தரவில்லை. என் கண்முன்னாலேயே அவரே போட்டு, கழற்றி, மறுபடி போட்டார். தடித்த டயர்களில் சில ரிம்மில் ஏறுவதற்கே அடம்பிடிக்கும். விறைத்த கையோடு இருட்டில், எம்4 சாலையோரத்தில் அதை முதல்முறை செய்துபார்க்கக் கூடாது. ஒரு துண்டுப் பஞ்சும் கொடுத்தனுப்பினேன். புது ட்யூப் வைக்குமுன் டயரின் உள்பக்கத்தைப் பஞ்சால் ஒரு சுற்றுத் துடைத்தால், குளிரில் மரத்த விரலுக்குத் தெரியாத கம்பி பஞ்சில் மாட்டிக்கொள்ளும்.