கற்பனைப் பகுதியை வெட்டியது மென்பொருள் அல்ல, நீங்கள்தான்

மறுபடியும் அதே வரைபடம். இருநிலை அமைப்புக்கு ஷ்ரோடிங்கர் சமன்பாடு, விடையாகத் தட்டையான ஒரு கோடு, கூடவே பைத்தான் மொழியின் அறிவியல் கணக்கு நூலகத்தைக் குறைசொல்லி "சைப்பையில் பிழை" என்ற புகார். எத்தனை முறைதான் சொல்வது?

கணக்கு எளிது. ராபி அதிர்வெண் (இரு நிலைகளுக்கிடையே அமைப்பு ஊசலாடும் வேகம்) 2 என்றால், ஒவ்வொரு நிலையின் வீச்சின் (மட்டை வர்க்கித்தால் நிகழ்தகவு தரும் கலப்பெண்) வகைக்கெழுவும் மற்ற வீச்சைக் கழித்தல் கற்பனை அலகால் பெருக்கினால் வருவது. 1, 0 என்று தொடங்கினால், நேரம் 1.57ஐத் தொடும்போது இரண்டாம் நிலையின் நிகழ்தகவு 1 ஆக வேண்டும். வந்திருப்பதோ 0.

"தொடக்கத்தில் கற்பனைப் பகுதி பூஜ்யம்தானே, மெய்யெண்ணே போதும்" என்கிறார்கள். போதாது! சைப்பையில் வகைக்கெழுச் சமன்பாடுகளைத் தீர்க்கும் சால்வ் ஐவிபி (solve_ivp) உங்கள் தொடக்க மதிப்பு பூஜ்யமா என்று பார்ப்பதில்லை. தொடக்க மதிப்புகளைத் தரும் அணியின் எண்வகையை, அதாவது மெய்யெண்ணா கலப்பெண்ணா என்பதைப் பார்க்கிறது. அதை வைத்தே முழுக் கணக்குக்கும் வகையை முடிவுசெய்கிறது. மெய்யெண் அணி கொடுத்தால், வகைக்கெழுவைக் கணக்கிடும் உங்கள் சார்பு திருப்பித் தரும் கலப்பெண் அணியில் கற்பனைப் பகுதியை வெட்டிவிடும். இங்கே வகைக்கெழு முழுக்கக் கற்பனை. வெட்டினால் மிஞ்சுவது பூஜ்யம். எதுவும் நகராது.

எச்சரிக்கை வரும். பெரும்பாலும் ஒரே ஒருமுறை. அதையும் ஒரு வரி எழுதி அடக்கிவைப்பவர்களை என்ன சொல்வது! தட்டையான கோடாவது கண்ணில் படும். முதல் நிலைக்குத் தேய்வு உறுப்பும் இருந்தால் வழவழப்பான அடுக்குக்குறித் தேய்வு வரும், யாருக்கும் சந்தேகம் வராது.

தொடக்க அணியில் எண்வகையாக டிடைப் காம்ப்ளெக்ஸ் (dtype=complex) என்று போடுங்கள், அவ்வளவுதான். தீர்வு முறைகளில் எல்எஸ்ஓடிஏ (LSODA) வேண்டாம், அது கலப்பெண்ணை ஏற்காது. ஆர்கே45 (RK45), டாப்853 (DOP853) ஏற்கும்.

ஸ்டிஃப் (மிக வேகமாகவும் மிக மெதுவாகவும் மாறும் பகுதிகள் கலந்த) சமன்பாடு என்றால் இன்னொரு குழி. ஸ்டூவர்ட்-லாண்டாவ் அலைவுச் சமன்பாடு போல மட்டு வர்க்கம் வரும் சார்புகள் கலப்பெண் வகையில் வகையிடத்தக்கவை அல்ல. அவற்றைச் சைப்பையின் கலப்பெண் தீர்வியான இசட்வோடிடம் (ZVODE) கொடுத்தால் ஒருங்காமல் திணறும். மெய்ப் பகுதி, கற்பனைப் பகுதி என்று இரண்டாகப் பிரித்து மெய்யெண் தொகுதியாகவே தீருங்கள்.

தயவுசெய்து, வரைபடத்தை அனுப்பும் முன் நிகழ்தகவுகளைக் கூட்டிப் பாருங்கள். தேய்வு இல்லாத அமைப்பில் 1 வர வேண்டும். மெல்ல விலகினால் சால்வ் ஐவிபியின் இயல்பான சார்புப் பொறுதி (rtol, மதிப்பின் அளவோடு ஒப்பிட்டு அனுமதிக்கும் பிழை) 0.001 என்பதை நினைவில் வைத்து, கோடியில் ஒன்றாவது ஆக்குங்கள்; தனிப் பொறுதியையும் (atol) கூடவே இறக்குங்கள்.

மேட்லேப் ஆட்களுக்கு: அதன் தீர்வியான ஓடிஇ45 (ode45) தரும் விடை அணியின் வரிசை-நிரல்களை மாற்றிப் போட வெறும் ஒற்றை மேற்கோள் குறி (') இட்டால் இணையெண்ணும் (கற்பனைப் பகுதியின் குறி மாறிய எண்) சேர்ந்தே எடுக்கப்படும், கட்டம் எதிர்த்திசையில் சுற்றும். குறிக்கு முன்னால் ஒரு புள்ளி வையுங்கள்.