வெயிலில் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம்: காகிதத்தில் ‘வெப்பம்’ என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள்

“அடுத்த சில நாட்களுக்கு உள் மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் அதிகபட்ச வெப்பநிலை இயல்பைவிட 2 முதல் 3 டிகிரி வரை கூடுதலாக இருக்கக்கூடும்.” ஏப்ரல், மே மாதங்களில் சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்திலிருந்து இப்படி ஒரு வரி அடிக்கடி வரும். கரூர் பரமத்தி, ஈரோடு, வேலூர், திருத்தணி என்று ஊர்ப் பெயர்களைக் கேட்டுவிட்டு நாம் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். உங்கள் வீட்டில் கட்டட வேலைக்கோ, மூட்டை தூக்கவோ, தெருவில் வியாபாரத்துக்கோ போகிறவர் இருந்தால், அந்த அறிக்கையைத் தேதி தெரியும்படி போனில் சேமித்து வையுங்கள். பின்னால் அது ஆவணமாக உதவும்.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதன்படி வெப்ப அலையால் இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. பணம் மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து வருகிறது. ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது: இறப்புக்குக் காரணம் வெப்பம்தான் என்று உரிய அதிகாரி சான்று தர வேண்டும். குடும்பங்கள் தோற்றுப்போவது இந்த ஒரு வரியில்தான்.

எங்கள் தெருவில் ஒரு அக்காவின் வீட்டுக்காரர் சென்ட்ரிங் வேலைக்குப் போனவர். மதியம் மொட்டை மாடியில் கம்பி கட்டிக்கொண்டிருந்தபோது உளறத் தொடங்கி, அப்படியே விழுந்தார். உடம்பு அனலாகக் கொதித்ததை உடன் வேலை செய்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். மருத்துவமனையில் கொடுத்த தாளில் ‘மாரடைப்பு’ என்று இருந்தது. அன்று மாலையே தகனம் முடிந்தது. மூன்று வாரம் கழித்து நிவாரணம் கேட்டுப் போனால், “பிரேதப் பரிசோதனை அறிக்கை எங்கே?” என்று கேட்டார்கள். எரித்த பிறகு எங்கே போய் வாங்குவது? அந்த அக்கா நடந்த நடைக்குக் கணக்கே இல்லை. ஒரு பைசா வரவில்லை.

அதனால் முதல் 24 மணி நேரத்தில் கவனம் வையுங்கள். இறப்புச் சான்றிதழில் காரணம் அச்சிடப்பட்டிருக்காது. காரணம் இருப்பது மருத்துவர் எழுதும் படிவம் 4-இல். அதில் ‘உடனடிக் காரணம்’ என்று ஒரு வரியும், அதற்குக் கீழே ‘அது எதனால் ஏற்பட்டது’ என்று அடுத்த வரியும் உண்டு. இதயம் நின்றது என்று மட்டும் எழுதினால் போதாது. யார் இறந்தாலும் இதயம் நிற்கத்தான் செய்யும். இறக்கும் விதத்தை எழுதாதீர்கள், காரணத்தை எழுதுங்கள் என்று அந்தப் படிவமே சொல்கிறது. “வெயிலில் வேலை செய்யும்போது விழுந்தார், உடம்பு கொதித்தது, ஹீட் ஸ்ட்ரோக் என்று சந்தேகப்படுகிறோம், அதைப் பதிவு செய்யுங்கள்” என்று பணிவாகக் கேளுங்கள். ‘ஏற்கெனவே சர்க்கரை இருந்ததே’ என்று பதில் வரலாம். சர்க்கரை, ரத்த அழுத்தத்தை எழுதத் தனி இடம் அதே படிவத்தில் இருக்கிறது. அவை இருந்ததற்காக வெப்பத்தை விட்டுவிட வேண்டியதில்லை.

2023-இல் திருத்தப்பட்ட பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, மருத்துவமனையில் இறந்தால் இந்தக் காரணச் சான்றின் நகலை நெருங்கிய உறவினருக்குத் தர வேண்டும். தனியார் மருத்துவமனைக்கும் இது பொருந்தும். கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று: மருத்துவமனைக்குள் கொண்டுபோனதும் உடல் வெப்பநிலையை அளந்து சீட்டில் எழுதச் சொல்லுங்கள். 40 டிகிரி செல்சியஸ், அதாவது 104 ஃபாரன்ஹீட்டுக்கு மேல், கூடவே நினைவு தடுமாற்றம். ஹீட் ஸ்ட்ரோக்கை மருத்துவர்கள் அடையாளம் காண்பது இவற்றை வைத்துத்தான். ஐஸ் வைத்த பிறகோ உயிர் போய் வெகுநேரம் கழித்தோ அளந்தால் இந்த எண் கிடைக்காமல் போகலாம்.

பிரேதப் பரிசோதனை வேண்டாம் என்று சொந்தக்காரர்கள் தடுப்பார்கள். “கேஸ் ஆகிவிடும், உடம்பைக் கிழிப்பார்கள்” என்பார்கள். அந்த நேரத்தில் அது எவ்வளவு கொடுமையான முடிவு என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்கிறேன், வேலை இடத்திலோ சாலையிலோ விழுந்து இறந்தால் காவல் நிலையத்தில் தகவல் கொடுத்துப் பரிசோதனை செய்துவிடுங்கள். வெப்பத்துக்கென்று உடலுக்குள் தனி அடையாளம் இருக்காது. அதனால் எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், என்ன வேலை செய்துகொண்டிருந்தார் என்பதைப் புகாரிலேயே எழுதுங்கள். ‘திடீரென மயங்கி விழுந்தார்’ என்று மட்டும் எழுத விடாதீர்கள்.

வீட்டில், தகரக் கூரைக்குக் கீழே இரவில் இறந்துபோகும் வயதானவர்கள் கதை இதைவிட மோசம். ‘இயற்கை மரணம்’ என்று பதிந்துவிட்டு எல்லோரும் கலைந்துவிடுவார்கள். சந்தேகம் இருந்தால் எடுப்பதற்கு முன்பே கிராம நிர்வாக அலுவலருக்குச் சொல்லுங்கள். இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்துவிடுங்கள். தாண்டினால் அதற்குத் தனி அலைச்சல்.

அப்புறம், அலுவலகத்தில் கேட்கும் அடுத்த கேள்வி: “அன்றைக்கு வெப்ப அலை அறிவிக்கவே இல்லையே?” இதற்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். வானிலைத் துறைக் கணக்கில் சமவெளியில் 40 டிகிரியும், அதோடு இயல்பைவிட 4.5 டிகிரி கூடுதலும் இருக்க வேண்டும், இல்லையென்றால் 45 டிகிரியைத் தொட வேண்டும்; அப்போதுதான் வெப்ப அலை. கடலோரத்தில் 37 டிகிரியும் அதே 4.5 கூடுதலும். மே மாதத்தில் சென்னையின் இயல்பே 37-ஐ ஒட்டி இருப்பதால், கிட்டத்தட்ட 42 தொட்டால்தான் அந்தச் சொல்லே வரும். அதற்குக் கீழே 39 டிகிரியில், கடல் காற்று தாமதமாகிப் புழுங்கும் நாளிலும் ஆள் சாகிறார். மேலும் அந்த எண் நிழலில், காற்றோட்டமான பெட்டிக்குள் அளந்தது. வெயிலில் காயும் கான்கிரீட் தளத்தில் நின்றவர் பட்ட சூடு அதில் இல்லை. முதலில் சேமிக்கச் சொன்ன அறிக்கை இங்கேதான் வேண்டும். ‘இயல்பைவிட அதிகம்’, ‘அசௌகரியம் ஏற்படலாம்’, ‘மஞ்சள் எச்சரிக்கை’ என்று எது வந்திருந்தாலும் மனுவோடு இணையுங்கள்.

மனு வட்டாட்சியர் அலுவலகத்தில் கொடுங்கள். காரணச் சான்று, இறப்புச் சான்றிதழ், பரிசோதனை அறிக்கை, முதல் தகவல் அறிக்கை, வாரிசுச் சான்றிதழ், வங்கிப் புத்தக நகல் ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள். வாரிசுச் சான்றிதழ் இழுக்கும். இ-சேவை மையத்தில் அதற்கு முதலிலேயே விண்ணப்பித்துவிடுங்கள். “இங்கே இல்லை, சுகாதாரத் துறைக்குப் போங்கள்” என்பார்கள். அங்கே போனால் “வருவாய்த் துறைதான்” என்பார்கள். ஒருவரை ஒருவர் காட்டுவதற்கு அவர்களுக்குச் சம்பளம் வருகிறது. உங்களுக்கு அன்றைய கூலி போகிறது. ஒரே மனுவைத் திங்கள்கிழமை குறைதீர் நாளில் மாவட்ட ஆட்சியரிடமும் கொடுத்து மனு எண் வாங்கிவிடுங்கள்.

அசல் எதையும் கையை விட்டுக் கொடுக்காதீர்கள். இடைத்தரகருக்குப் பணம் கொடுக்காதீர்கள். வாயால் “வராது” என்று சொன்னால் நம்பித் திரும்பாதீர்கள், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் மனு எண்ணைக் குறிப்பிட்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு கேளுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.