தனியுரிமை: ‘பிரைவசி’க்கு எந்தச் சொல், எங்கே?

கைப்பேசியில் ஒரு செயலியை நிறுவினால் ‘தனியுரிமைக் கொள்கை’ என்று ஒரு வரி வருகிறது. நாளிதழைத் திறந்தால் அதே பிரைவசி ‘அந்தரங்க உரிமை’ ஆகியிருக்கிறது. மேடையில் பேசுபவர் ‘தனிமனித சுதந்திரம்’ என்கிறார். இயந்திர மொழிபெயர்ப்பு சில நேரம் ‘தனியார் உரிமை’ என்றே எழுதிவிடுகிறது. இவை ஒரே பொருளைத் தருபவை அல்ல. பொதுப் பாதுகாப்புக்காகத் தனிமனிதர் எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம் என்ற வாதம் நம்மிடையே அடிக்கடி குழம்பிப்போவதற்குச் சொற்களும் ஒரு காரணம்.

முதலில் மூலச் சொல். பிரைவசி, இலத்தீனின் ‘பிரிவாத்துஸ்’ வழி வந்தது. அதற்கு அடியில் இருக்கும் ‘பிரிவுஸ்’ என்பதற்கு ‘தனி, ஒற்றை’ என்று பொருள். ‘பிரிவாரே’ என்ற வினைக்குப் பறித்தல், இல்லாமல் செய்தல் என்று பொருள். ரோமாபுரியில் அரசுப் பதவி எதுவும் இல்லாதவரே பிரிவாத்துஸ். அதாவது சொல் பிறந்தபோது அது உரிமையைக் குறிக்கவில்லை, ஒரு குறையைக் குறித்தது. தமிழின் ‘தனி’யும் அப்படித்தான். தனிமரம் தோப்பாகாது என்பதில் தனி என்பது போதாமை. குறையாக இருந்த தனிமை உரிமையாக மாறியது மிக அண்மைக் காலத்தில்.

அந்த மாற்றத்துக்கு நாள் குறிக்க வேண்டுமானால் 1890 டிசம்பரைச் சொல்லலாம். சாமுவேல் வாரன், லூயி பிராண்டைஸ் என்ற இரு அமெரிக்க வழக்கறிஞர்கள் ஹார்வர்டு சட்ட இதழில் எழுதிய கட்டுரை, பிரைவசியைத் தனி உரிமையாகவே நிறுவ முயன்றது. நொடியில் படம்பிடிக்கும் கேமராவும் வம்புச் செய்தி தேடும் பத்திரிகையும் அவர்களை எழுதத் தூண்டின. நீதிபதி தாமஸ் கூலி முன்பே பயன்படுத்திய ஒரு தொடரை அவர்கள் எடுத்தாண்டார்கள். தமிழில் அதை ‘தொந்தரவின்றித் தன்பாட்டில் இருக்கவிடப்படும் உரிமை’ என்று சொல்லலாம். புதிய கருவி ஒன்று வந்ததால் பிறந்த வாதம் இது. இன்றைக்கும் புதிய கருவி வரும்போதெல்லாம் புதிதாகத் தொடங்குகிறது.

இனி தமிழ்ச் சொற்களுக்கு வருவோம்.

‘அந்தரங்கம்’ வடசொல். அந்தர் என்றால் உள், அங்கம் என்றால் உறுப்பு, உள்ளுறுப்பு, உட்பகுதி. அதன் எதிர்ச்சொல்லும் நம்மிடம் புழக்கத்தில் இருக்கிறது, ஆனால் இரண்டும் இணை என்பது பலருக்குத் தோன்றுவதில்லை: பகிரங்கம். பகிர் என்றால் வெளி. பகிரங்க ஏலம், பகிரங்க மன்னிப்பு என்கிறோமே, அதே பகிரங்கம். சொல்லாக்கத்தைப் பார்த்தால் அந்தரங்கம்–பகிரங்கம் அருமையான இணைதான். சிக்கல் வழக்கில் இருக்கிறது. அந்தரங்க உறுப்பு, அந்தரங்கப் படம் என்று பழகிப்போன காதுக்கு, ‘ஆதார் எண் என் அந்தரங்கம்’ என்றால் ஏதோ வெட்கத்துக்குரியதை மறைப்பதுபோல் ஒலிக்கிறது. ‘தப்பு செய்யாதவனுக்கு மறைக்க என்ன இருக்கிறது?’ என்ற கேள்வி எழுவது இந்த இடத்தில்தான். அக்கேள்விக்குப் பாதி வலிமையை நாம் தேர்ந்தெடுத்த சொல்லே கொடுத்துவிடுகிறது.

அதனால் அந்தரங்கத்தை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவு, ஒருவரின் உடலின் அந்தரங்கப் பகுதியை அவர் ஒப்புதலின்றிப் படம்பிடிப்பதையும் வெளியிடுவதையும் பரப்புவதையும் குற்றமாக்குகிறது. மூன்று ஆண்டு வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அங்கே அந்தரங்கம்தான் சரியான சொல். உடல், படுக்கையறை, காதல் கடிதம் ஆகியவற்றுக்கு அதை வைத்துக்கொள்ளலாம். வங்கிக் கணக்கு, இருப்பிடப் பதிவு, கைரேகை ஆகியவற்றுக்கு அது ஒத்துவராது.

‘தனியுரிமை’ இப்போது பரவலாக நிலைத்துவரும் சொல். ‘தனி’ இலத்தீனின் பிரிவுஸுக்கு நேர் நிகர் என்பதால் வேர்ப்பொருளும் பொருந்துகிறது. இதற்கும் ஒரு பலவீனம் உண்டு: இரண்டு விதமாகப் பிரிக்கலாம். ‘தனித்திருக்கும் உரிமை’ என்று பிரித்தால் பிரைவசி. ‘தனி ஒருவருக்கே உள்ள உரிமை’ என்று பிரித்தால் ஏகபோகம். பழைய வணிக எழுத்துகளில் இரண்டாவது பொருள் வரும். ஆகவே வணிகம் பேசும் கட்டுரையில் ஏகபோகத்துக்கு ‘முற்றுரிமை’யையும், புத்தாக்கத்துக்கு வழங்கப்படும் உரிமைக்குக் ‘காப்புரிமை’யையும் ஆண்டுவிட்டால் தனியுரிமை பிரைவசிக்கு மட்டும் நிற்கும். சொற்களுக்கு இப்படி எல்லை கட்டாவிட்டால் எந்தக் கலைச்சொல்லும் நிலைக்காது.

‘தனியார்’ என்பது அரசு சாராத நிறுவனத்தையே குறிக்கும். தனியார் பேருந்து, தனியார் பள்ளி. பிரைவசிக்கு அதைப் போடுவது வெறும் பிழை. ‘தனிமனித சுதந்திரம்’ பிழையல்ல, ஆனால் மிகப் பெரியது: பேச்சு, நடமாட்டம், வழிபாடு எல்லாம் அதற்குள் அடக்கம், தனியுரிமை அதன் ஒரு கிளை. ‘இரகசியம்’ என்றால் யாருக்கும் தெரியக்கூடாதது. ‘மந்தணம்’ என்பது அரசு அலுவலகக் கோப்புகளில் வழங்குவது. நம்பி ஒப்படைத்ததை வெளியே விடாமை. மருத்துவரிடம் சொன்ன நோய் விவரம் உங்கள் தனியுரிமைக்குள் வருவது. அதை வெளியிடாமல் காப்பது மருத்துவரின் மந்தணக் கடமை. நோய் இரகசியமாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. ஊருக்கே சொல்லலாம், ஆனால் சொல்வது நீங்களாக இருக்க வேண்டும். தனியுரிமையின் சாரம் இதுதான்: மறைப்பதல்ல, யாருக்கு எவ்வளவு தெரியலாம் என்பதைத் தானே முடிவுசெய்வது.

இந்தக் கருத்து தமிழுக்கு இறக்குமதி என்று சொல்பவர்கள் தொல்காப்பிய அகத்திணையியலை ஒருமுறை பார்க்க வேண்டும். அகப்பாடலில் எவரையும் சுட்டிப் பெயர் சொல்லக்கூடாது என்பது அங்கே விதி. தலைவன், தலைவி, தோழி என்றுதான் வர வேண்டும். காதலைப் பாடலாம், யாருடையது என்று காட்டக்கூடாது. இன்னும் நுட்பமானது சங்கப் பாடலான நெடுநல்வாடைக்கு நேர்ந்தது. 188 அடிகள் கொண்ட அந்தப் பாட்டில் அரண்மனையில் பிரிவால் வாடும் அரசி இருக்கிறாள். பாசறையில் நள்ளிரவில் புண்பட்ட வீரர்களைப் பார்த்துவரும் அரசன் இருக்கிறான். எவருக்கும் பெயர் இல்லை. ஆனாலும் உரையாசிரியர் நச்சினார்க்கினியர் அதை அகமல்ல, ஆளைச் சுட்டும் புறம் என்றார். காரணம் ஒரே ஒரு வேல். அதன் தலையில் வேம்பு கட்டியிருந்தது. வேம்பு பாண்டியரின் அடையாளப் பூ. பெயரை நீக்கியும் வேம்பு ஆளைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

இன்றைய தரவுச் சட்டம் பேசுவது இதையேதான். 2023ஆம் ஆண்டின் எண்ம (டிஜிட்டல்) தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிநபர் தரவு என்பதை ‘ஒருவரை அடையாளம் காண உதவும் எந்தத் தரவும்’ என்ற பொருளில் வரையறுக்கிறது. ஒரு பட்டியலில் பெயரை மட்டும் நீக்கிவிட்டுப் பிறந்த தேதி, அஞ்சல் குறியீட்டு எண், பாலினம் ஆகிய மூன்றையும் விட்டுவைத்தால், சிறிய ஊரில் ஆளைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. ஆய்வுக்கென்று பட்டியல் வெளியிடும் அலுவலகங்கள் வழுக்கிவிழும் இடம் இது. பெயரை எடுத்துவிட்டோம் என்கிறார்கள், வேம்பு அப்படியே இருக்கிறது. பிறந்த தேதிக்குப் பதிலாக வயது வரம்பு, அஞ்சல் குறியீட்டுக்குப் பதிலாக மாவட்டம் என்று அகலப்படுத்தினால் பெரும்பகுதி சரியாகும்.

எதிர்ப்பக்கச் சொல் ‘கண்காணிப்பு’. கண்ணால் காண்பவன் கண்காணி. கண்காணி இல்லையென்று கள்ளம் செய்வார், ஆனால் கண்காணி இல்லாத இடமே இல்லை என்று திருமந்திரம் பாடும்போது அந்தக் கண்காணி இறைவன். அதே சொல் கங்காணியாகித் தேயிலை, ரப்பர்த் தோட்டங்களில் கூலிகளுக்கு மேல் நின்றது. இலங்கையிலும் மலேயாவிலும் ஒரு முழுத் தலைமுறையின் வாழ்க்கை கங்காணியின் கணக்கேட்டில் இருந்தது. ஒரே சொல்லுக்குக் காப்பவன், அடக்குபவன் என்ற இரண்டு முகமும் உண்டு. பார்ப்பவர் யாருக்குக் கணக்குச் சொல்ல வேண்டும் என்பதைப் பொறுத்துத்தான் எந்த முகம் என்பது தெரியும்.

இந்திய நீதிமன்றங்கள் இதில் நெடுந்தூரம் நடந்திருக்கின்றன. உச்ச நீதிமன்றத்தில் 1954இல் எட்டு நீதிபதிகளும் 1962இல் ஆறு நீதிபதிகளும் சொன்னதை வைத்து, தனியுரிமை அடிப்படை உரிமை அல்ல என்று அரசுத் தரப்பு பல காலம் வாதிட்டது. 1962 வழக்கிலேயே, நள்ளிரவில் காவலர் வீட்டுக் கதவைத் தட்டிப் பார்ப்பது செல்லாது என்றும் தீர்ப்பு வந்தது என்பது பலர் மறந்த செய்தி. 1994இல் தமிழ்நாட்டு வழக்கொன்று முக்கியமானது. தூக்குத் தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிடுவதை அதிகாரிகள் தடுக்க முனைந்தார்கள். பொது ஆவணங்களில் உள்ளதை ஒப்புதலின்றியே வெளியிடலாம், அதற்கு அப்பால் போனால் தனியுரிமை குறுக்கிடும், கடமையில் செய்த செயலுக்கு அதிகாரி தனியுரிமை கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் வகுத்தது. 2017 ஆகஸ்ட் 24 அன்று, ஆதார் திட்டத்தை எதிர்த்த புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, தனியுரிமை அடிப்படை உரிமை என்றார்கள்.

ஆனால் அது எல்லையற்ற உரிமை என்று அவர்கள் சொல்லவில்லை. அரசு அதில் கைவைக்க மூன்று படி தாண்ட வேண்டும். ஒன்று, சட்டம் இருக்க வேண்டும். சுற்றறிக்கையோ வாய்மொழி உத்தரவோ போதாது. இரண்டு, நோக்கம் நியாயமானதாக இருக்க வேண்டும். மூன்று, தலையீடு நோக்கத்தின் அளவுக்குள் நிற்க வேண்டும். இந்த மூன்றாவதற்கு ‘விகிதாசாரம்’ என்று எழுதுவதைவிட ‘அளவுப் பொருத்தம்’ என்பது வாசகருக்கு உடனே விளங்கும். நடைமுறையில் வழக்குகள் அதிகமாகத் தடுமாறுவதும் இந்த மூன்றாம் படியில்தான்.

இப்போது ‘பொதுப் பாதுகாப்பு’. தமிழில் எல்லாவற்றுக்கும் ‘பாதுகாப்பு’ ஒன்றுதான். நாட்டின் பாதுகாப்பு, பொதுப் பாதுகாப்பு, தலைக்கவசப் பாதுகாப்பு. சட்டத்தில் அவை வேறுவேறு. சோசலிசத் தலைவர் ராம் மனோகர் லோகியாவின் தடுப்புக்காவல் வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி இதயத்துல்லா ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று வட்டங்களை வரைந்து காட்டினார்: பெரிய வட்டம் சட்டம் ஒழுங்கு, அதற்குள் பொது ஒழுங்கு, அதற்கும் உள்ளே நாட்டின் பாதுகாப்பு. தெருச் சண்டை முதல் வட்டத்தோடு நின்றுவிடலாம். அதற்கு மூன்றாம் வட்டத்தின் அதிகாரத்தை எடுக்க முடியாது.

தொலைபேசி ஒட்டுக்கேட்பில் இந்த வேறுபாடு உயிர்நாடி. 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டம் 5(2) பிரிவு, ‘பொது நெருக்கடி’ அல்லது ‘பொதுப் பாதுகாப்பு’ என்ற இரண்டில் ஒன்று இருந்தால்தான் ஒட்டுக்கேட்க இடம் தந்தது. 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தின் 20ஆம் பிரிவும் அவ்விரு சொற்களையே வைத்திருக்கிறது. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், பொதுப் பாதுகாப்பு என்பது பொதுமக்கள் அனைவருக்குமான ஆபத்தின்மை என்று விளக்கி வழிமுறைகளையும் வகுத்தது. பின்னர் வந்த விதிகளின்படி உத்தரவு உள்துறைச் செயலரிடமிருந்து வர வேண்டும். 60 நாள் செல்லும். நீட்டித்தாலும் 180 நாளைத் தாண்டக்கூடாது. மறுஆய்வுக் குழு பார்த்தாக வேண்டும். 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், லஞ்சப் புகார் ஒன்றில் 2011இல் பிறப்பித்த ஒட்டுக்கேட்பு உத்தரவை ரத்து செய்தது. குற்றத்தைத் துப்புத் துலக்குவது நல்ல நோக்கம்தான், ஆனால் அது பொதுப் பாதுகாப்பும் அல்ல, பொது நெருக்கடியும் அல்ல. மறுஆய்வுக் குழுவின் முன் பதிவுகள் வைக்கப்படவும் இல்லை. சொல்லின் எல்லையைக் காப்பது மனிதரின் எல்லையைக் காப்பதாகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

தனியுரிமை மக்களுக்கு எதிராகவும் திரும்பக்கூடும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 8(1)(ஜே) பிரிவின் பழைய வடிவில், பொதுச் செயற்பாட்டோடு தொடர்பில்லாத அல்லது ஒருவரின் தனியுரிமையில் தேவையின்றி ஊடுருவும் தகவலைத்தான் மறுக்கலாம். 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44(3) பிரிவு அதை ‘தனிநபர் தகவல்’ என்ற ஒற்றைத் தொடராகச் சுருக்குகிறது. தனிநபர் தகவலும் தனியுரிமையும் ஒன்றல்ல. ஒப்பந்ததாரர் பெயர் தனிநபர் தகவல். ஆனால் பொதுப் பணத்தில் சாலை போட்டவர் யார் என்று கேட்பது அவர் தனியுரிமையில் ஊடுருவுவது ஆகாது. ‘தனிநபர் தகவல்’ என்று காரணம் காட்டித் தகவலை மறுத்தால், மேல்முறையீட்டில் 8(2) பிரிவைக் குறிப்பிட்டு, வெளியிடுவதால் விளையும் பொதுநலன் மறைப்பதால் வரும் தீங்கைவிட எப்படிப் பெரிது என்று இரண்டு மூன்று வரிகளில் எழுத வேண்டும். ‘பொதுநலன் கருதி’ என்று மட்டும் எழுதிய மனு எளிதில் தள்ளுபடியாகும்; எந்தச் சாலை, எவ்வளவு தொகை, என்ன பழுது என்று இருக்க வேண்டும்.

கடைசியாக, அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் இருக்கும் அந்த நீள நோட்டு. பெயர், கைப்பேசி எண், எந்த வீடு, வந்த நேரம், கையெழுத்து. காவலர் திறந்து நீட்டுவார். உங்களுக்கு முன் வந்த இருபது பேரின் எண்ணும் கண்ணில் படும். நோக்கம் நியாயமானது, அளவு பொருத்தமில்லை. ஆளுக்கொரு சீட்டு கொடுத்துப் பெட்டியில் போடச் சொல்லலாம். வீட்டுக்காரர் உள்ளிருந்து உறுதிசெய்தால் எண்ணே வேண்டாம். அங்கே ஒட்டும் அறிவிப்பில் ‘அந்தரங்கம்’ வேண்டாம், ‘தனியார் தகவல்’ வேண்டாம். இப்படி எழுதலாம்: ‘இங்கே பெறப்படும் பெயரும் எண்ணும் வாசல் பாதுகாப்புக்கு மட்டும். 30 நாளில் அழிக்கப்படும். உங்கள் தனியுரிமை பற்றிய கேள்விகளுக்குச் செயலாளரை அணுகவும்.’