எண்டர் அடித்ததும் அசைன்மென்ட் எங்கே போகிறது?

ஹார்வர்டின் கணினி அறிவியல் அறிமுகப் பாடமான சிஎஸ்50 வகுப்பில் தொடக்கத்திலேயே ஒரு பயிற்சி வரும். # குறிகளை அடுக்கி, மரியோ விளையாட்டில் வருகிற படிக்கட்டைச் சி மொழியில் வரைய வேண்டும். எழுதி முடித்தவர், கட்டளைகளைத் தட்டும் திரையான டெர்மினலில் 'சப்மிட்50' என்ற கருவியின் பெயரைத் தட்டி, பக்கத்தில் பயிற்சியின் அடையாளத்தையும் சேர்த்து எண்டர் அடிப்பார். கொஞ்ச நேரத்தில் அசைன்மென்ட் போய்ச் சேர்ந்துவிடும்.

அந்தக் கொஞ்ச நேரத்தில், கருவி முதலில் பயிற்சிக்கான அமைப்புக் கோப்பை இணையத்திலிருந்து எடுத்துப் படிக்கிறது. எந்தக் கோப்பு கட்டாயம், எவை வேண்டாம் என்று அதில் எழுதியிருக்கும். இங்கே வேண்டியது மரியோ.சி மட்டும். கம்பைல் செய்த (கணினி நேரடியாக ஓட்டும் வடிவுக்கு மாற்றிய) நிரல், பழைய நகல்கள் எல்லாம் ஒதுங்கிவிடும். கோப்பின் பெயரில் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாகப் போட்டிருந்தால் லினக்ஸ் என்ற இயங்குதளத்துக்கு அது வேறு கோப்பு. கருவி அங்கேயே நின்றுவிடும்.

எல்லாம் சரியென்றால், அனுப்பப்போகும் கோப்புகளை வரிசையாகக் காட்டி, பாடத்தின் நேர்மை விதியை நினைவூட்டி, 'அனுப்பட்டுமா?' என்று கேட்கும். 'ஆம்' என்று தட்டினால்தான் மேலே நகரும். இந்தக் கருவியில் எனக்கு மிகப் பிடித்த இடம் இது. என்ன அனுப்புகிறோம் என்று மாணவர் கண்ணால் பார்த்த பிறகே அனுப்புகிறார்.

அதன்பின் வேலையைக் கிட் எடுத்துக்கொள்கிறது. லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலின் வேலைக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் எழுதிய, கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் மென்பொருள் அது. கோப்பின் உள்ளடக்கத்துக்கு முன்னால் அதன் வகையையும் பைட் அளவையும் சேர்த்து, ஷா-1 என்ற கணக்கில் போடுகிறது. 40 எழுத்துகளில் ஒரு கைரேகை கிடைக்கிறது. ஒரே ஒரு இடைவெளியைக் கூட்டினாலும் அந்தக் கைரேகை முற்றிலும் வேறாகிவிடும். ஒவ்வொரு சமர்ப்பிப்பும் ஒரு கமிட், அதாவது அந்த நேரத்துக் கோப்புகளின் பதிவு. அதற்குள் முந்தைய கமிட்டின் கைரேகையும் இருக்கும். எனவே பழைய ஒன்றைத் திருத்தினால் அதற்குப் பின்னால் வந்த அத்தனை கைரேகைகளும் மாறியாக வேண்டும். 2017-இல் கூகுளும் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்களும் ஒரே ஷா-1 கைரேகை தரும் இரண்டு பிடிஎஃப் கோப்புகளை உருவாக்கிக் காட்டினார்கள். அதன்பின் அப்படிப்பட்ட கோப்புகளை இனங்காணும் வழி கிட்டில் சேர்க்கப்பட்டது.

இந்தக் கமிட், கிட் களஞ்சியங்களை இணையத்தில் வைத்திருக்கும் கிட்ஹப் தளத்தில் அந்த மாணவருக்கென்று இருக்கும் களஞ்சியத்தில், பயிற்சியின் பெயரிலேயே உள்ள கிளைக்கு, அதாவது கமிட்களின் தனி வரிசைக்குப் போய்ச் சேர்கிறது. மறுபடி அனுப்பினால் பழையது அழியாது; மேலே இன்னொரு கமிட் சேரும். ஆனால் கமிட்டில் பதியும் நேரம், அதை உருவாக்கிய கணினியின் கடிகாரம் சொல்வது. கடிகாரத்தைப் பின்னுக்குத் திருப்பிவிடலாம். கெடு தாண்டியதா என்று பார்க்க, சர்வருக்கு வந்துசேர்ந்த நேரத்தைத்தான் நம்ப வேண்டும்.

சோதிப்பது செக்50 என்ற இன்னொரு கருவி. உயரம் -1 என்று கொடுத்தால் நிரல் மறுக்கிறதா, படிக்கட்டு சரியாக வருகிறதா என்று அது ஓட்டிப் பார்க்கும். தேறினால் பச்சையில் :) வரும், தவறினால் சிவப்பில் :( வரும். ஒரு சோதனை அதற்கு முந்தைய சோதனையைச் சார்ந்திருக்கும். அரைப்புள்ளி ஒன்றை விட்டதால் நிரல் கம்பைலே ஆகவில்லை என்றால், அடுத்தவற்றை அது தவறு என்று சொல்வதில்லை. மஞ்சளில் :| போட்டு நிறுத்திவைக்கும். அந்த அரைப்புள்ளியைப் போட்டு மறுபடி ஓட்டினால், மஞ்சளில் நின்ற வரிகளெல்லாம் பச்சையாகவோ சிவப்பாகவோ வாய் திறக்கும்.