நிறை: சென்னையில் ஒன்று, யாழ்ப்பாணத்தில் வேறொன்று

ஒரு சின்னக் கணக்கு. ஒரு பெட்டியின் நிறை 50. அதை மேசைமேல் வைத்தால் மேசையை எவ்வளவு விசையோடு அழுத்தும்?

தமிழ்நாட்டில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் பிள்ளை 50-ஐப் புவியீர்ப்பு முடுக்கமான 9.8-ஆல் பெருக்கி 490 நியூட்டன் என்று எழுதும். யாழ்ப்பாணத்துப் பிள்ளை எதையும் பெருக்காது. நிறைதான் கொடுத்தாகிவிட்டதே, 50 நியூட்டன், அவ்வளவுதான். இரண்டு பேருக்கும் அவரவர் ஊரில் முழு மதிப்பெண் கிடைக்கும்.

காரணம், நிறை என்ற சொல். தமிழ்நாட்டுப் பாடநூலில் நிறை என்பது ஒரு பொருளுக்குள் இருக்கும் பருப்பொருளின் அளவு, அலகு கிலோகிராம். அந்தப் பொருளைப் பூமி இழுக்கும் விசைக்கு அங்கே எடை என்று பெயர். இலங்கைப் பாடநூலில் பூமி இழுக்கும் விசைதான் நிறை. பருப்பொருளின் அளவுக்கு அவர்கள் சொல்வது திணிவு. ஒரே சூத்திரத்தை இங்கே ‘எடை = நிறை × புவியீர்ப்பு முடுக்கம்’ என்று படிக்கிறோம், அங்கே ‘நிறை = திணிவு × புவியீர்ப்பு ஆர்முடுகல்’ என்று படிக்கிறார்கள். சமக்குறியின் இந்தப் பக்கம் இருந்த சொல் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொள்கிறது.

சரி, யார் சொல்வது சரி? வேரைப் பார்த்தால் கொஞ்சம் சுவாரசியமாக இருக்கிறது.

எடை என்பது ‘எடு’ என்பதிலிருந்து வந்தது. தூக்கினால் கை உணர்வதுதான் எடை. நிறை என்பது ‘நிறு’ என்பதிலிருந்து வந்தது. ‘அரைக் கிலோ நிறுத்துக் கொடுங்க’ என்று காய்கறிக் கடையில் கேட்கிறோமே, அந்த நிறு. நிறைகுடம், நிறைமாதம் என்பவற்றில் வரும் நிறை வேறு, அது நிரம்பியிருப்பதைச் சொல்வது. பிள்ளைகள் இதையும் அதையும் குழப்பிக்கொள்வது வாடிக்கை. வண்டியை நிறுத்துவது இன்னொன்று, அதை விட்டுவிடலாம்.

நிறுப்பதற்கு அந்தக் காலத்தில் இருந்தது துலாக்கோல். நிறைகோல் என்றும் அதற்குப் பெயர். (தராசு என்ற சொல் பாரசீகத்திலிருந்து வந்து சேர்ந்தது.) ஒரு தட்டில் கல், மறு தட்டில் பண்டம். இரண்டு தட்டையும் பூமி ஒரே மாதிரி இழுப்பதால் இழுவை கழிந்துபோகிறது, மிஞ்சுவது இரண்டிலும் உள்ள பருப்பொருளின் ஒப்பீடு. அந்தத் துலாக்கோலை நிலாவுக்குக் கொண்டுபோனாலும் ஒரு கிலோ கல்லுக்கு ஒரு கிலோ கத்தரிக்காய்தான் சமமாக நிற்கும். பழைய பேப்பர்காரர் கொக்கியில் மாட்டித் தூக்கும் சுருள்வில் தராசு அப்படியில்லை. அது இழுவையை அளக்கிறது. நிலாவில் அதன் முள் ஆறில் ஒரு பங்குதான் இறங்கும். அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். புவியீர்ப்பு முடுக்கம் நிலநடுக்கோட்டில் 9.78, துருவத்தில் 9.83. நிலநடுக்கோட்டில் சரிபார்த்த வில்தராசைத் துருவத்துக்குக் கொண்டுபோனால் பத்துக் கிலோ சரக்கில் சுமார் 50 கிராம் கூடுதலாகக் காட்டும்.

ஆக, கோலில் நிறுத்தால் நிறை, கையால் எடுத்தால் எடை. தமிழ்நாட்டுப் பாடநூல் தெரிந்து செய்ததோ தெரியாமல் செய்ததோ, சொல்லின் வேர் அதன் பக்கம் நிற்கிறது.

ஆனால் திணிவு அதைவிட நல்ல சொல் என்பது என் கட்சி. திணி என்றால் அடைத்து நெருக்குவது. பையில் துணியைத் திணிக்கிறோம். சங்கப் பாட்டில் ‘மண் திணிந்த நிலன்’ என்றே வருகிறது. எவ்வளவு திணிந்திருக்கிறது என்று கேட்டால் நியூட்டன் 1687-இல் சொன்னதற்கு மிக அருகில் வந்துவிடுகிறோம். அடர்த்தியும் பருமனும் சேர்ந்து தருவதே பருப்பொருளின் அளவு என்றுதான் அவர் வரையறுத்தார். அவர் எழுதிய லத்தீனில் அதற்கு மாஸா என்ற சொல்லும் உண்டு. ஆங்கிலத்து மாஸ் அதிலிருந்து வந்தது. அதற்கும் பின்னால் போனால் கிரேக்கத்தில் பார்லி மாவைப் பிசைந்து செய்யும் ஒரு பண்டம் நிற்கிறது. நம் வீட்டுச் சப்பாத்தி மாவையே எடுத்துக்கொள்ளுங்கள். உருட்டினாலும் தட்டினாலும் நீட்டினாலும் வடிவம்தான் மாறும். மாறாமல் இருக்கிறதே, அதுதான் திணிவு.

இரண்டும் வேறுவேறு என்றால் இத்தனை காலம் கடைக்காரர்கள் எப்படிச் சமாளித்தார்கள்? அதற்கும் நியூட்டனே பதில் வைத்திருக்கிறார். ஒரே அளவு மரப்பெட்டிகள் இரண்டு, ஒரே நீளக் கயிறு. ஒன்றில் மரத்துண்டை நிரப்பி, மற்றதில் அதே எடைத் தங்கத்தை வைத்து ஊசலாட விட்டார். அப்புறம் வெள்ளி, ஈயம், கண்ணாடி, மணல், உப்பு, நீர், கோதுமை என்று வரிசையாகப் போட்டுப் பார்த்தார். பெட்டிகள் வெகுநேரம் சேர்ந்தே ஆடின. எடை சமமென்றால் திணிவும் சமம், பொருள் எதுவானாலும் சரி. அதனால்தான் ஒரே ஊருக்குள் இரண்டையும் கலந்து பேசினாலும் யாருக்கும் நட்டமில்லை. இன்றைய மின்னணுத் தராசும் உள்ளே விசையைத்தான் உணர்கிறது, வெளியே கிலோவில் காட்டுகிறது.

நட்டமில்லை என்றாலும், அலகுகளையும் அளக்கும் முறைகளையும் ஆராயும் அளவையியல்காரர்களுக்கு உறுத்தியிருக்கிறது. 1901-இல் கூடிய எடை, அளவுகளுக்கான பொது மாநாடு கிலோகிராம் என்பது திணிவின் அலகு, எடை என்பது ஒரு விசை என்று தனித்தனியாக அறிவித்தது. எடையே தெரியாத இடத்தில் இந்த வேறுபாடு நன்றாகப் புலப்படும். 1973-இல் ஸ்கைலாப் விண்வெளி நிலையத்தில் வீரர்களை வில் பொருத்திய இருக்கையில் உட்காரவைத்து முன்னும் பின்னும் ஆடவிட்டார்கள். திணிவு கூடினால் ஆட்டம் மெதுவாகும். ஓர் ஆட்டத்துக்கு ஆகும் நேரத்தைக் கொண்டு ஆள் இளைத்தாரா பெருத்தாரா என்று கணக்கிட்டார்கள்.

இரு நாட்டாரும் படிக்கும்படி எழுதும்போது நான் திணிவு, எடை என்று எழுதுகிறேன். அந்தக் கரையிலிருந்து ஒன்று, இந்தக் கரையிலிருந்து ஒன்று. பொருண்மை என்று எழுதுபவர்களும் உண்டு, ஆனால் அது சொற்பொருளைப் பற்றிய பேச்சிலும் அடிபடுவதால் எனக்கு ஒட்டவில்லை. நிறையை மட்டும் தனியாக விடுவதில்லை. பழைய வினாத்தாளில் அது கண்ணில் பட்டால் பக்கத்தில் இருக்கும் அலகைப் பாருங்கள். கிலோகிராம் என்றால் தாள் தமிழ்நாட்டுத் தாள், நியூட்டன் என்றால் இலங்கைத் தாள். அலகு போடாமல் வெறும் 50 என்று இருந்தால், கேள்வி எடுத்தவரைத்தான் கேட்க வேண்டும்.