ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு இனங்கள்: ஸ்பேனியல்களைப் பிரித்தறிவது எப்படி?

19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஒரே ஈற்றில் பிறந்த ஸ்பேனியல் வேட்டைநாய்க் குட்டிகளில் சில காக்கர் ஆயின, சில ஸ்பிரிங்கர் ஆயின. பிரித்தது தராசுதான். 25 பவுண்டுக்குள், அதாவது ஏறத்தாழ 11 கிலோவுக்குள் நின்றால் காக்கர். தாண்டினால் வேறு பெயர். 1901இல் அந்த எடை வரம்பு கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டே நாய் இனங்களைப் பதிவு செய்யும் பிரிட்டனின் கென்னல் கிளப் ஸ்பிரிங்கரைத் தனி இனமாக ஏற்றது. பதிவேடுகள் பிரிந்ததும் இனச்சேர்க்கையும் பிரிந்தது. இன்று நாம் காணும் வேறுபாடுகளில் பலவும் அதன்பின் கூர்மையானவை.

இவற்றின் பழைய வேலை பறவையைக் கிளப்புவது. துப்பாக்கி எட்டும் தூரத்துக்குள், சுமார் 20, 30 மீட்டருக்குள், இடமும் வலமுமாக வளைந்து ஓடி, புதரில் பதுங்கியதை எழுப்பிவிட வேண்டும். மனிதரை விட்டு அதிக தூரம் போகாத குணம் இதனால் தேர்ந்தெடுக்கப்பட்டது. வீட்டில் அறைக்கு அறை பின்தொடர்ந்து வருவதும் அதே குணம்தான். பிரிட்டனி ஸ்பேனியல் மட்டும் இரையைக் கண்டால் உறைந்து நின்று காட்டும். அதனால் 1982இல் அமெரிக்கன் கென்னல் கிளப் அதன் பெயரிலிருந்து ஸ்பேனியல் என்பதையே எடுத்துவிட்டது.

எந்தப் புதர் என்பதைப் பொறுத்து உடல் மாறியது. இங்கிலிஷ் ஸ்பிரிங்கர் தோள்வரை சுமார் 51 செ.மீ. உயரம், நீண்ட கால், வேகம். வெல்ஷ் ஸ்பிரிங்கர் சற்றுச் சிறியது, 46 முதல் 48 செ.மீ.; சிவப்பும் வெள்ளையும் தவிர வேறு நிறம் கிடையாது. இங்கிலிஷ் காக்கர் 38 முதல் 41 செ.மீ., 13 முதல் 14.5 கிலோ, நெருக்கமான முட்புதருக்குள் நுழைய அதுதான் அளவு. கிளம்பர் நேர்மாறானது. ஆண் நாய் 29.5 முதல் 34 கிலோ வரை இருக்கும். அடர்புதரை மெதுவாக, பாரத்தாலேயே தள்ளிக்கொண்டு போகும். சசெக்ஸ் அதைவிடக் குட்டை, பொன்கலந்த பழுப்பு நிறம். வேட்டையின்போது குரைக்கும் ஸ்பேனியல் அது. அக்கம்பக்கத்தார் நெருங்கி வாழும் இடத்துக்கு வாங்குபவர் இதை முதலில் யோசிக்க வேண்டும்.

இனப்பெயரைவிட வம்சம் முக்கியம் என்பது எங்கள் கருத்து. கண்காட்சிக்கு வளர்த்த காக்கருக்கு நீண்ட காது, அடர்ந்த முடி, நிதானம். வேட்டைக்கு வளர்த்த காக்கருக்குத் தட்டையான தலை, குறைந்த முடி, அடங்காத ஓட்டம். இரண்டாவதைப் படம் பார்த்து வாங்கி, காலையில் அரை மணி நேரம் மட்டும் நடத்தினால், மிச்ச ஆற்றல் சோபாவின் மேல் இறங்கும்.

முடியின் கதை மூன்று மரபணுக்களில் அடங்குகிறது. எஃப்ஜிஎஃப்5 மாற்றம் முடியை நீளமாக்கும், கேஆர்டி71 சுருட்டும், ஆர்எஸ்பிஓ2 தாடியும் புருவமும் தரும். காக்கருக்கு முதலாவது மட்டும். ஐரிஷ் வாட்டர் ஸ்பேனியலுக்கு முதல் இரண்டும் சேர்வதால் உடல் முழுக்கச் சுருள். மிக அடர்ந்த முடி அமெரிக்கன் காக்கருடையது: தினமும் சீவ வேண்டும், 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை கத்தரிக்க வேண்டும். ஸ்பிரிங்கரின் முதுகை மெஷினால் மழித்தால் வழவழப்பான மேல்முடி அறுந்து, உள்முடி பஞ்சுபோல் மேலெழும். இறந்த முடியை விரலால் பிடுங்கி எடுப்பதே சரி. விரலிடுக்கில் புல்விதை தங்கியிருக்கிறதா என்று ஒவ்வொரு நடைக்குப் பின்னும் பாருங்கள். அது தோலைத் துளைத்து உள்ளே நகரும்.

தொங்கும் காது எல்லோருக்கும் பொதுவான தொல்லை. காற்றோட்டமில்லாத ஈரத்தில் ஈஸ்ட் என்னும் பூஞ்சை பெருகும். நாயின் செவிக்குழாய் நேராகக் கீழிறங்கி உட்புறம் திரும்புகிறது. பஞ்சுக்குச்சி விட்டால் அழுக்கு அந்தத் திருப்பத்தில் போய் அடைத்துக்கொள்ளும். காது கழுவும் திரவத்தால் குழாயை நிரப்பி, அடிப்பகுதியை அரை நிமிடம் பிசைந்து, நாயைத் தலை உதறவிட்டு, கண்ணுக்குத் தெரியும் இடத்தை மட்டும் பஞ்சால் துடைக்கவும். நாற்றமோ வலியோ இருந்தால் திரவமும் வேண்டாம், பழைய சொட்டுமருந்தும் வேண்டாம். செவிப்பறை கிழிந்திருந்தால் சில மருந்துகள் உட்காதைக் கெடுத்துவிடும். மருத்துவர் முதலில் பார்க்கட்டும்.

மடிநாயான கேவலியர் கிங் சார்லஸ் ஸ்பேனியலுக்கு (5.4 முதல் 8.2 கிலோ) ஆபத்து இதயத்தில். இதயத்தின் இடப்பக்க வால்வான மைட்ரல் வால்வு தடித்து ரத்தம் பின்னோக்கிக் கசியும். ஐந்து வயதுக்குள் சுமார் பாதி நாய்களுக்கு முணுமுணுப்பு ஒலி கேட்கத் தொடங்கிவிடும். ஆண்டுக்கொருமுறை மருத்துவரிடம் இதயத்தைக் கேட்கச் சொல்லுங்கள். நோய் கண்ட நாய்க்கு, தூங்கும்போது மூச்சை எண்ணுங்கள்: நிமிடத்துக்கு 30ஐ அடிக்கடி தாண்டினால் நுரையீரலில் நீர் சேரத் தொடங்கியிருக்கலாம்.

ஸ்பிரிங்கரிலும் அமெரிக்கன் காக்கரிலும் சிவப்பணுக்கள் சர்க்கரையிலிருந்து ஆற்றல் பெற உதவும் பிஎஃப்கே என்ற நொதியின் குறைபாடு உண்டு. வெயிலில் ஓடி வேகமாக மூச்சிரைத்தால் ரத்தத்தின் காரத்தன்மை ஏறும். நொதி குறைந்த சிவப்பணுக்கள் உடைந்து சிறுநீர் கறுத்துப்போகும். இது ஒடுங்கு மரபணு நோய்: தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் தோன்றும். தமக்கு நோயின்றிப் பழுதான மரபணுவைச் சுமக்கும் தாங்கிகளான இருவரைச் சேர்த்தால் ஒவ்வொரு குட்டிக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. ஒருவர் சுத்தமாக, அதாவது பழுதான மரபணு இல்லாமல் இருந்தால் நோயுள்ள குட்டி பிறக்காது. காக்கர்களின் விழித்திரை நோய்க்கும், இங்கிலிஷ் காக்கரின் இளவயதுச் சிறுநீரக நோய்க்கும் இதே கணக்குதான். எனவே குட்டியைத் தூக்குமுன் தாய், தந்தை இருவரின் மரபணுச் சோதனைத் தாளையும் கேளுங்கள். ஒருவருடையதை மட்டும் காட்டினால், அது சுத்தம் என்று சொன்னால் மட்டுமே போதும்.